மீட்டருக்குக் கீழே ஒரு காகிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம் பல. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சௌக்கியமாக இல்லை. இடது முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது. அதற்குத் தாங்கள்தான் பொறுப்பு.

மாதாமாதம் ஏதோ ஒரு பழைய விமானத்தின் காக்பிட் படத்தைப் போட்டு, இது எந்த விமானம் என்று வாசகர்களைக் கேட்கிறீர்கள். இறக்கை தெரியாது, வால் தெரியாது, வெறும் மீட்டர்களும் கைப்பிடிகளும்தான். அந்த மீட்டர்களை ஓய்வு பெறும்வரை கழற்றி மாட்டிய மெக்கானிக் நான். ஆறு வருடமாக ஒரு விடைகூடத் தப்பியதில்லை. சென்ற மாதப் படத்துக்கு ‘மருந்து தெளிக்கும் விமானம்’ என்று எழுதினேன். தாங்களோ இந்த இதழில் ‘தபால் விமானம்’ என்று போட்டதோடு நிற்காமல், தவறாக எழுதியவர்கள் பட்டியலில் என் பெயரை முதலில் வைத்திருக்கிறீர்கள். இது நியாயமா?

இரண்டும் ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை. உள்ளே பார்த்தால் பெற்றவர்களுக்கே அடையாளம் தெரியாது. ஒரே வித்தியாசம் பெட்ரோல் மீட்டர். தபால் விமானத்தில் டாங்க் நிறைந்தால் முள் வலப்பக்கம் சாயும். மருந்து விமானத்தில் இடப்பக்கம். படத்தில் இருப்பது இடப்பக்கம் சாயும் மீட்டர். அப்புறம் என்ன பேச்சு?

இதை நிரூபிக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைக் கதவு அளவுக்கு நீட்டிவிட்டு, “சார், ஓரத்துல புள்ளி போட்ட பை ஒண்ணு தொங்குதே?” என்றார். அது நிழல் என்று சொல்லிச் சுருட்டிக்கொண்டு வந்தேன். கூடத்துச் சுவரில் ஒட்டியதைப் பார்த்த மாப்பிள்ளை, “என்ன மாமா, புது வாஷிங் மெஷினா?” என்று கேட்டுவிட்டு, எதற்கும் டாக்டரிடம் காட்டலாம் என்று என் மகளிடம் சமையலறையில் கிசுகிசுத்தார். விமானி உட்காரும் உயரத்திலிருந்து பார்த்தால்தானே தெரியும் என்று சாப்பாட்டு மேஜை மேல் நாற்காலியைப் போட்டு ஏறினேன். நாற்காலி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முழங்கால் கதை இதுதான். என் மனைவி, “ஓட்டணும்னா வெளியில போய் ஓட்டுங்க, வீட்டுக்குள்ள எதுக்கு?” என்றாள். சொன்னவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

ஏனென்றால் அவள் தம்பி தபால் விமானம் ஓட்டியவன். எப்போதும் சீட்டியடித்துக்கொண்டே வருவான், அதனால் ஒர்க்‌ஷாப்பில் அவனுக்குச் சீட்டி என்றே பெயர். முப்பத்தொரு வருடத்துக்கு முன் மலைக்கு அந்தப் பக்கம், பெட்ரோல் தீர்ந்து விழுந்து செத்தான். அவன் விமானத்து மீட்டர் பழுதாகி, ஸ்டோரில் வேறு இல்லாமல், மருந்து விமானத்து மீட்டரைக் கழற்றி மாட்டியவன் நான்தான். அந்த ஒன்றில்தான் அப்படி மாட்டினோம். முள் திசை மாறும் என்பதால் ‘இடது பக்கம் நிறைவு’ என்று சிவப்பு மையில் எழுதி, மீட்டருக்குக் கீழே காகிதம் ஒட்டினேன். விசாரணையிலும் அதைத்தான் சொன்னேன். விமானியின் கவனக்குறைவு என்று முடித்தார்கள். “சின்ன வயசுலேர்ந்தே எழுதிவச்சதைப் படிக்க மாட்டான் அவன்” என்று மனைவி இன்றும் அழுவாள்.

ஆகவே தங்கள் படத்தில் இருப்பது தபால் விமானம் என்றால் அது சீட்டியின் விமானமாகத்தான், விழுவதற்கு முன் எடுத்த படமாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் மீட்டருக்குக் கீழே காகிதம் இருக்க வேண்டும். காகிதம் இல்லை. ஆகவே அது மருந்து விமானம்தான். அடுத்த இதழில், கண்ணில் படும் எழுத்தில், திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

தங்களுக்கும் அலுவலகத்தாருக்கும் என் அன்பு. படம் தேர்ந்தெடுப்பவருக்கு மட்டும் கொஞ்சம் குறைவாகத் தரவும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற மெக்கானிக்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் இதையும் எழுதிவிடுகிறேன். ஓரத்தில் தொங்குவது நிழல் இல்லை, பைதான். எங்கள் வீட்டுத் திரைச்சீலையில் மிஞ்சிய துணியில் மனைவி தம்பிக்குத் தைத்துக் கொடுத்த சாப்பாட்டுப் பை. அது தபால் விமானம்தான். தங்கள் விடைதான் சரி.

காகிதம் எழுதினேன், ஒட்டவில்லை. பசை தீர்ந்திருந்தது. வாங்கிவந்து ஒட்டலாம் என்று சட்டைப்பையில் வைத்தேன். அவன் விழுந்த செய்தி வந்த சாயங்காலமும் அது சட்டைப்பையிலேயே இருந்தது. அடுப்பில் போட்டுவிட்டேன். அவன் வழக்கம்போல முள்ளைப் பார்த்தான். முள் வலப்பக்கம் இருந்தது, டாங்க் நிறைந்திருக்கிறது என்று நினைத்துப் போனான்.

மனைவி லென்ஸோடு சுவருக்கு முன்னால் நிற்கிறாள். தம்பியின் சாப்பாட்டுப் பையைக் கண்டுபிடித்துவிட்டாள். “நீங்க ஒட்டின காகிதம் எங்கேங்க? நானும் பார்க்கறேன்” என்கிறாள்.