பாய்க்குள் ஒரு சொல்லாராய்ச்சி

சொல்லுக்கு வேர் தோண்டுபவர்கள் என்று ஓர் இனம் உண்டு. பசிக்கிறது, ஒரு துண்டு கிழங்கு கொடுங்கள் என்று நீங்கள் கேட்டால், கிழங்கு என்ற சொல் எந்தக் கரையில் பிறந்து எந்தப் படகில் ஏறியது என்று தொடங்கி, கிழங்கு ஆறி, ஈ மொய்த்து, நீங்கள் எழுந்து போன பிறகும் முடிக்கமாட்டார்கள். யார் கேட்டார்கள்? யாருமில்லை.

எங்கள் சமோவாவில் அந்த இனத்துக்குத் தலைமகன் பெனியமினா. அவருடைய செல்லச் சொல் ‘மாத்தா’. எங்களுக்கு அது கண். கிரேக்கருக்குக் கண் ‘மாத்தி’ என்று எங்கோ படித்த நாளிலிருந்து மனிதர் தரையில் நிற்கவில்லை. ஜப்பான்காரனுக்கு அதே ஒலி ‘மறுபடியும்’ என்றாகும் என யாரோ மடக்கியபோது, "கண்ணால ஒரு தடவை பாத்தா மறுபடியும் பாக்கத் தோணும்ல?" என்றார்.

அப்படிப்பட்டவரின் மகன், லாரியை ஏற்றிப் பக்கத்து ஊர்த் தலைவர் லெயாதாவாவின் பையன் காலை முறித்துவிட்டான். எங்கள் வழக்கப்படி, தப்பு செய்த வீட்டின் பெரியவர் விடியும்போதே அவர்கள் முற்றத்தில் உட்கார்ந்து, நெய்த பாயால் தலையை மூடிக்கொள்ள வேண்டும். வாய் திறக்கக் கூடாது. அவர்கள் பாயைத் தூக்கினால் மன்னிப்பு; தூக்காவிட்டால் மகன் ஊரைவிட்டே போக வேண்டியதுதான்.

"இன்னிக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இருங்க. புள்ள நம்மோட இருக்கணும்," என்று கெஞ்சினாள் மனைவி லாங்கி.

"நான் எதுக்குடி பேசப் போறேன்?"

வெயில் ஏறியது. பாய் அசையவில்லை. வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டத்தோடு நின்ற லாங்கிக்குப் புருஷன்மேல் முதன்முறையாக மரியாதையே வந்தது. கடைசியில் லெயாதாவா வாசலுக்கு வந்தார்.

"என் பையன் வலியில துடிச்சது கண்ணுலயே நிக்குது. எந்தக் கண்ணால உங்க மூஞ்சிய பாக்குறது?"

முதல் ‘மாத்தா’வைப் பெனியமினா பல்லைக் கடித்துத் தாங்கினார். இரண்டாவதைத் தாங்க முடியவில்லை.

"கிரேக்கத்துலயும் இதே சொல்தான்," என்றது பாய்.

லாங்கிக்கு உயிரே போய்விட்டது.

"என்னது, கிரேக்கமா?" லெயாதாவா விடுவிடுவென்று இறங்கி வந்து பாயைப் பிடுங்கினார். "எந்த மடையன் சொன்னான்? மலாய்க்காரனும் அப்படித்தான்யா சொல்றான். நமக்குச் சொந்தம் அவன்தான்!"

"பாயைத் தூக்கிட்டாரு," என்றது கூட்டம்.

கையிலிருந்த பாயை அவர் பார்த்தார். தூக்கியது தூக்கியதுதான், எங்கள் ஊரில் அதைத் திருப்பிப் போர்த்த வழியில்லை. லாங்கி அழுதுகொண்டே சிரித்தாள். இரண்டு பெரியவர்களும் கொக்கோவைக் குடித்துக்கொண்டு மத்தியானம் வரை சண்டை போட்டார்கள். "ரெண்டு பேரும் வெளியில போய்ப் பேசுங்க, கால் வலியே தேவலாம்," என்றான் கட்டுப் போட்டுப் படுத்திருந்த பையன்.

சிரிக்கிறீர்கள், சரி. ‘மாத்தா’ என்று படித்தவுடன், ‘அட, நம்ம மாதா ஆச்சே’ என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டதே, அது யாருடையது?