பொட்டு வைத்த ரெக்கவரி சிடி

பழுதான பொருளைக் கண்டால் என் கைகள் சும்மா இருக்காது. அது கைகளின் குணம், எனக்கும் அவற்றுக்கும் அதிகத் தொடர்பில்லை என்றுதான் வீட்டில் இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறேன். மிக்ஸி முனகினால் திறப்பேன். சுவர்க்கடிகாரம் தயங்கினால் கழற்றுவேன். திரும்ப மூடும்போது எப்போதும் ஒரு திருகாணி மிஞ்சும். (மிஞ்சியவற்றை ஒரு ஊறுகாய் பாட்டிலில் சேர்த்து வைத்திருக்கிறேன். பாட்டில் கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது.)

சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் நாத்தனார் விஜியும் அவள் வீட்டுக்காரரும் புத்தூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு எங்கள் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தார்கள். கல்யாணமாகி ஒரு மாதம்தான். சாப்பாடு ஒரு சாக்கு. உண்மையில் கல்யாணப் போட்டோக்களைப் பார்க்கத்தான் வருகிறார்கள். போட்டோ எடுத்தவர் எல்லாவற்றையும் எங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றி, "ஆல்பத்துக்கு வேணுங்கறதை எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த முகூர்த்தத்துக்காகத் தன் கேமரா கார்டைக் காலிசெய்துகொண்டு போய்விட்டார். ஆக, அந்தக் கல்யாணம் நடந்ததற்கு உலகத்தில் எங்கள் கம்ப்யூட்டரைத் தவிர வேறு சாட்சியில்லை.

காலையில் அதைப் போட்டேன். நீலத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரகாரம் சுற்றின. சுற்றிக்கொண்டே இருந்தன. சந்நிதி மட்டும் திறக்கவேயில்லை. தானே சரிசெய்துகொள்ளப் பார்ப்பதாக ஒரு வரி வந்தது, முடியவில்லை என்று இன்னொரு வரி வந்தது. அப்புறம் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு வழி இருப்பதாக ஒரு பட்டன். என்ன அழகான யோசனை! மனிதர்களுக்கு இல்லாத வரம் ஒரு பெட்டிக்கு இருக்கிறதே என்று உருகிப்போய் அழுத்தினேன். கீழே பொடி எழுத்தில் ஏதோ எச்சரிக்கை. உருகிக்கொண்டிருக்கிறவர்கள் பொடி எழுத்தைப் படிப்பதில்லை.

அந்த வரமும் பழுது. அதற்கு வேண்டிய ஃபைல்களைக் காணோம், ரெக்கவரி சிடியைப் போடு என்றது.

"கடைக்காரருக்கு ஒரு போன் போடலாமே" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஞாயித்துக்கிழமை யார் வருவாங்க? நான் பாத்துக்கறேன்."

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் மாமனார் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

கம்ப்யூட்டர் வாங்கும்போதே கடைக்காரர் அந்த சிடியைக் கொடுத்துச் சொல்லியிருந்தார், பெட்டியின் உயிரே இதில்தான், பத்திரமாக வையுங்கள் என்று. எங்கள் வீட்டில் பத்திரமான இடம் என்றால் பூஜை அலமாரி, பெருமாள் படத்துக்குப் பின்னால். எடுத்துப் பார்த்தால், பளபளக்கும் பக்கம் முழுக்க வருடக்கணக்காகக் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம்.

ஆயுத பூஜை என் வீட்டுக்காரரின் இலாகா. கேஸ் அடுப்பின் திருகு, ஃபேன் ரெகுலேட்டர், நகவெட்டி, எதுவும் பொட்டில்லாமல் தப்ப முடியாது.

"ஏங்க, இந்தப் பக்கமா வைப்பாங்க?"

"எழுத்து இருக்கறது முதுகு. பளபளன்னு இருக்கறதுதானே மூஞ்சி? முதுகுல யாராவது பொட்டு வைப்பாங்களா?"



அப்படியே உள்ளே தள்ளிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் தொண்டையைச் செருமியது, பிறகு நாக்கை நீட்டி சிடியை வெளியே வைத்தது. நாக்கெல்லாம் சந்தனப் பொடி.

இங்கேதான் என் கைகளுக்கு ஞானம் பிறந்தது. சந்தனம் அப்பிய குத்துவிளக்கை எப்படித் தேய்க்கிறோம்? புளி, கொஞ்சம் கல்லுப்பு, தேங்காய் நார். கைவலிக்கத் தேய்த்தேன். பொட்டு போயிற்று. கூடவே அதில் குடியிருந்த வானவில்லும் போயிற்று. வானவில் இருந்த இடத்தில் மழை பெய்கிற மாதிரி சாய்வாய்க் கோடுகள், நூற்றுக்கணக்கில். ஜன்னலில் வெயில்பட வைத்தேன். வீட்டுக்காரர் வந்து முகர்ந்து பார்த்தார்.

"கருவேப்பிலை போடலையா?"

உலர்ந்த சிடியைத் திரும்பப் போட்டேன். இந்த முறை செருமல்கூட இல்லை. வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

பேச்சு போட்டோ பக்கம் போகாதபடி பரிமாறினேன். மாப்பிள்ளை வேண்டாம் வேண்டாம் என்று இலையை மறைக்க, விரலிடுக்கு வழியே பாயசம் ஊற்றினேன். விஜி என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். கை கழுவியதும் கேட்டேவிட்டாள். சொன்னேன்.

அவள் திட்டியிருந்தால் தேவலை. கம்ப்யூட்டர் எதிரே போய் உட்கார்ந்துகொண்டு, கூடத்துக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"அப்பா சிரிச்ச போட்டோ அதுல ஒண்ணு இருக்கு, அண்ணி. தாரை வார்த்துட்டு நிமிர்ந்தப்ப எடுத்தது. அதுக்கு முன்னாடி ஒண்ணும் கிடையாது. இனிமேலும் கிடைக்காது."

என் கைகள் முதல்முறையாக மடியில் சும்மா கிடந்தன.

மாப்பிள்ளைக்கு கம்ப்யூட்டர் கம்பெனியில்தான் வேலை. (கல்யாணத்துக்கு முன்பே எனக்குத் தெரிந்த விஷயம். கேட்கத் தோன்றியதா? இல்லை.) பெட்டியைத் திறந்து, உள்ளிருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, தன் பையிலிருந்த லேப்டாப்பில் ஒரு ஒயரால் இணைத்தார். திரையில் மேளக்காரர்கள் வந்தார்கள், பந்தி வந்தது, மாலை சரிந்த விஜி வந்தாள். கடைசியில் மாமனார். ஈரக் கையோடு, கண் கலங்கி, பல் தெரியச் சிரித்தபடி. ஒன்றும் போகவில்லை.

அப்புறம்தான் மாப்பிள்ளை சிடியைக் கையில் எடுத்தார். புதுமாப்பிள்ளை மரியாதையில் உதட்டைக் கடித்துக்கொண்டு மோந்து பார்த்தார்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. இது மட்டும் ஓடியிருந்துச்சுன்னா, உள்ள இருக்கறதை எல்லாம் அழிச்சுட்டு, கடையில வாங்கின அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்கியிருக்கும். ஒரு போட்டோ மிஞ்சியிருக்காது."

என் வீட்டுக்காரர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார்.

"பொட்டு வச்சது நான்" என்றார்.

"புளி போட்டது நான்" என்றேன், விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

கூடத்தில் பேப்பர் ஆடியது. முதலில் காற்று என்று நினைத்தோம். பேப்பர் மெல்ல இறங்கியது. அதற்குப் பின்னால் மாமனார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். அதைப் படமெடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த சிடியை நாங்கள் தூக்கிப் போடவில்லை. ஆயுத பூஜைக்கு ஆயுதங்களின் நடுவே அதற்குத்தான் முதலிடம், பெரிய பொட்டு, பளபளப்பு போன பக்கத்திலேயே. அதைவிடப் பெரிய பலன் ஒன்று உண்டு. வீட்டு விசேஷங்களில் மாமனாரைப் படமெடுக்கிறவர்கள் இப்போதெல்லாம் சிரிக்கச் சொல்லிக் கெஞ்சுவதில்லை. போனை உயர்த்தி, "புளி" என்று ஒரே ஒரு வார்த்தை. உடனே பல் தெரியும். அப்படி ஏகப்பட்ட படங்கள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் அவர் சிரித்துக்கொண்டிருப்பார், பக்கத்தில் நான் முறைத்துக்கொண்டிருப்பேன்.