ராமின் சாருக்குப் போகிற பெட்டிகள்

"லோஜினி, உங்க கண்டெய்னர் மாட்டிக்கிச்சு," என்றார் கமலநாதன்.

கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் வேலைகளைப் பார்க்கும் ஏஜெண்ட் அவர். லோஜினி தெலுக் பங்லிமா காராங்கில் படச்சட்டம் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் ஏற்றுமதிப் பிரிவைக் கவனிப்பவள். தினமும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து காரோட்டி வருகிறாள். வீட்டிலும் சரி, ஆபீஸிலும் சரி, விவாதத்தில் அவள் தோற்றதாக யாருக்கும் நினைவில்லை.

விஷயம் இதுதான். துபாய்க்குப் போகும் கண்டெய்னர். பேப்பரில் எல்லாமே ரப்பர் மரச் சட்டங்கள். ஆனால் உள்ளே இருந்த பெட்டிகளில் பாதியின் மேல் 'ராமின்' என்று கறுப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

ராமின் என்பது சதுப்புக் காட்டில் வளரும் மரம். வெட்டித் தீர்த்ததில் அருகிப்போய், இப்போது சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. பெர்மிட் இல்லாமல் அதில் ஒரு குச்சிகூட நாட்டை விட்டுப் போகக் கூடாது. மரச் சோதனை அதிகாரி சீதாலெட்சுமி கண்டெய்னர் கதவைத் திறந்தார், எழுத்தைப் படித்தார், சோதனைக்குச் சில பெட்டிகளை வெளியே இறக்கச் சொல்லிவிட்டு, கதவை மூடிச் சீல் வைத்துவிட்டார்.

லோஜினி பதறவில்லை. கிடங்கைப் பார்க்கும் நாகையாவைக் கூப்பிட்டு, அது யார் கைவேலை என்று கேட்டாள்.

"நான்தான் எழுதினேன். ராமின் பெட்டியெல்லாம் தனியா வைன்னு பாஸ் சொன்னாரு. கலந்துடக் கூடாதுல்ல? அதான் பெருசா எழுதி வச்சேன்," என்றார் நாகையா. நல்ல காரியம் செய்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

லோஜினி கணினியில் தேடிப் பார்த்தாள். ராமின் என்பது பாரசீகத்தில் ஆண்களுக்கு வைக்கும் பெயர். துபாய் கம்பெனியை நடத்துபவர்கள் ஈரான்காரர்கள். அவளுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. ராமின் என்பது மரமல்ல, வாங்குகிற ஆள்.

முதலாளி ரெங்கசாமி ஈப்போவில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். செய்தியைச் சொன்னதும் மறுமுனையில் நாதஸ்வரம் மட்டும் கேட்டது. பிறகு, யாரிடமும் ஒன்றும் பேச வேண்டாம், கண்டெய்னரைத் திருப்பி எடுத்து வந்துவிடு என்று தணிந்த குரலில் சொன்னார்.

லோஜினிக்குப் பரிதாபமாக இருந்தது. ரெங்கசாமி பச்சை விளக்கிலும் ஒரு முறை பிரேக் போட்டுவிட்டுப் போகிறவர். அப்படிப்பட்டவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

"நம்ம மேல தப்பே இல்ல பாஸ். நீங்க சாப்பிடுங்க, நான் பார்த்துக்கறேன்," என்று சொல்லி ஃபோனை வைத்தாள்.

பேப்பரில் ராமின் என்ற பெயர் இல்லாததுதான் சிக்கல் என்று அவளுக்குப் பட்டது. உடனே பேப்பர்களைத் திருத்தி, பெறுபவர் இடத்தில் 'திரு. ராமின்' என்று சேர்த்து அனுப்பினாள். சீதாலெட்சுமி அதைப் படித்துவிட்டு, காலையில் இல்லாத மனிதர் மத்தியானம் எப்படிப் பிறந்தார் என்று கமலநாதனிடம் கேட்டாராம்.

சரி, எழுத்துதானே கண்ணை உறுத்துகிறது என்று லோஜினி அடுத்த யோசனைக்குப் போனாள். சோதனைக்காக வெளியே இறக்கி வைத்த பெட்டிகளின் மேல் கம்பெனி ஸ்டிக்கரை ஒட்டிவிடும்படி கமலநாதனிடம் சொன்னாள். கமலநாதன் தயங்கினார். அவள் விடவில்லை. அவர் ஆறாவது பெட்டிக்கு ஒட்டிக்கொண்டிருந்தபோது, தே தாரிக் குடிக்கப் போயிருந்த சீதாலெட்சுமி பின்னால் வந்து நின்றார்.

இப்போது கண்டெய்னரில் இருந்த எல்லாப் பெட்டிகளையும் இறக்கச் சொல்லிவிட்டார்கள்.

"நானே போறேன்," என்று லோஜினி கார் சாவியை எடுத்தாள். வழியெல்லாம் ரெங்கசாமியின் அழைப்பு வந்துகொண்டே இருந்தது. பயந்தவர்களோடு பேசினால் நமக்கும் பயம் வந்துவிடும் என்று அவள் எடுக்கவில்லை.

துறைமுகத்தில் வெயில் தகித்தது. சீதாலெட்சுமி தொப்பியும் கையுறையுமாக, திறந்த பெட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தார். கையில் ஒரு சட்டம். வெளிர் மஞ்சள் நிறம், வழவழப்பு. ரப்பரும் வெளிர் நிறம், ராமினும் வெளிர் நிறம். மெருகு பூசிவிட்டதால் வெறும் கண்ணால் பார்த்து முடிவு சொல்ல மாட்டேன், ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும், ஒரு வாரமாகும் என்றார் அவர். கப்பலோ அன்று சாயந்தரம் புறப்படுகிறது.

லோஜினி மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"மேடம், ஒண்ணு மட்டும் யோசிங்க. திருட்டு மரம் அனுப்புறவன் பெட்டி மேலயே மரத்தோட பேரை எழுதி அனுப்புவானா?"

சீதாலெட்சுமி கையிலிருந்த சட்டத்தைத் திருப்பிப் பார்த்தார். அந்தக் கேள்வி அவரையும் தொட்டிருந்தது. இத்தனை வருட வேலையில் அவர் பிடித்தவர்களில் யாரும் அப்படி எழுதி உதவியதில்லை.

லோஜினி அந்த இடத்தை விடவில்லை. காட்டு மரங்களைக் காக்கும் சட்டத்துக்குத் தன் முழு ஆதரவு உண்டு என்றாள். காடு இருக்கிற நிலைமையில் இன்னும் கடுமையாக்கினாலும் தகும் என்றாள். அப்படிக் கடத்துகிறவன் எவனாக இருந்தாலும் தயவு பார்க்கக் கூடாது என்றாள். மனதாரத்தான் சொன்னாள். பக்கத்தில் நின்ற கமலநாதன் தன்னையறியாமல் தலையாட்டினார்.

சீதாலெட்சுமி கொஞ்சம் இறங்கி வந்தார். திருத்திய பேப்பரும் ஸ்டிக்கரும்தான் தனக்குச் சந்தேகம் கொடுத்தவை, அப்படி ஒரு ஆள் இருப்பது உறுதியானால் மாதிரிக்கு ஒரு சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கப்பலுக்கு விடலாம் என்றார்.

"அவ்வளவுதானே? இப்பவே கூப்பிடுவோம் லா," என்றாள் லோஜினி.

அவள் துபாய் எண்ணைப் போடும்போது குறுக்கே ரெங்கசாமியின் அழைப்பு வந்தது. துண்டித்தாள். கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஒரு பெட்டியின் மேல் வைத்தாள். சுமை இறக்கிய ஆட்கள்கூட வேலையை நிறுத்திவிட்டு அருகில் வந்தார்கள்.

எடுத்தவர் துபாய் கம்பெனியின் கிடங்குப் பொறுப்பாளர். அவள் பெயரைக் கேட்டதும் தமிழா என்று விசாரித்து, மகிழ்ச்சியோடு தமிழிலேயே பேசத் தொடங்கினார். சரக்கு எப்போது வரும் என்று எல்லோரும் காத்திருப்பதாகச் சொன்னார். லோஜினி சீதாலெட்சுமியைப் பார்த்து லேசாகச் சிரித்துக்கொண்டு, கைப்பேசிப் பக்கம் குனிந்தாள்.

"சந்தோஷம் அண்ணே. ஒரே ஒரு உதவி. ராமின் சார்கிட்ட கொஞ்சம் ஃபோனைக் கொடுங்க."

"அப்படி ஒரு ஆளே இங்க இல்லையே மேடம், ராமின்ங்கிறது நாங்க கேட்ட மரம், பேப்பர்ல மட்டும் ரப்பர்னு போட்டு அனுப்புறேன்னு உங்க பாஸ்தானே சொன்னாரு?"