தெர்மாமீட்டர் யார் கையில்?

அன்புள்ள டாக்டர் அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் பொறுமையைத் தவிர. விஷயத்தைச் சொன்னதும் போனில் நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. இதைச் சிரிக்காமல் படி.

கருத்தடை மாத்திரை என் மனைவிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விழுங்கினால் தலைவலி, வாந்தி. அதனால் தினமும் காலையில் உடம்புச் சூட்டை அளந்து, மற்ற அறிகுறிகளையும் கவனித்து, கரு தங்கக்கூடிய நாட்களைத் தெரிந்துகொள்ளும் இயற்கை முறைக்கு மாறுவதென்று நான் முடிவு செய்தேன். முதல் டாக்டர் நான் பேசி முடிப்பதற்குள் வேறு மாத்திரை எழுதிவிட்டார். இரண்டாமவர், "தாராளமா செய்யுங்க. அடுத்த வருஷம் மூணாவதைத் தூக்கிட்டு வாங்க" என்று சிரித்தார், நர்சும் கூடச் சிரித்தார். என் மனைவி ஏதோ சொல்ல வந்தாள். "நீ சும்மா இரு, நான் பேசிக்கிறேன்" என்று அவளுக்காக நான் மல்லுக்கட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று தெர்மாமீட்டர் வாங்கி, விடிந்ததும் அவள் தூக்கம் கலையாமல் வாயில் வைத்தேன். பதறிப்போய் என் விரலையும் சேர்த்துக் கடித்துவிட்டாள்.

ஆகவே மூன்றாவது டாக்டரம்மா முதலில் என் விரலுக்குக் கட்டுப் போட்டார். பிறகு முழுவதும் கேட்டார், அக்கா! "நாங்க படிச்சப்போ இதை மேலோட்டமாத்தான் சொன்னாங்க. சொல்லிக்கொடுக்கத் தெரியாததாலதான் பாதிப் பேர் சிரிக்கிறாங்க. முறையா கத்துக்கணும், ரெண்டு பேரும் ஒத்துழைக்கணும். பயிற்சி எடுத்த நர்ஸ் ஒருத்தர் இருக்காங்க, அனுப்பி வைக்கிறேன்" என்றார். "இன்னொரு குழந்தை வேண்டாம்னு முடிவு பண்ணிட்டீங்களாம்மா?" என்றும் கேட்டார். "முடிவுதான் டாக்டர்" என்று கட்டுப் போட்ட விரலை ஆட்டிச் சொன்னேன்.

வந்தவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் தாங்களே தீர்மானிக்கும் பழக்கத்தை உங்கள் கூட்டம் விடும்வரை நான் ஓயப்போவதில்லை. முதலில் நீ திருந்து. மாமாவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் தம்பி

பி.கு.: அண்ணி, இதை எழுதுவது நான். தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார், படித்துவிட்டேன். டாக்டரம்மா அந்தக் கேள்வியை என்னிடம்தான் கேட்டார். எனக்கு மூன்றாவது வேண்டும். கரு தங்கும் நாட்கள் தெரிந்தால் அதற்கும் உதவும் என்று, டாக்டரம்மா அனுப்பிப் போய்ப் பார்த்த நர்ஸம்மா சொன்னார். இன்று உங்கள் தம்பியை உட்காரவைத்து, வாயில் தெர்மாமீட்டரைச் செருகிவிட்டு, விஷயத்தைச் சொல்லப்போகிறேன். ஒருமுறையாவது குறுக்கே பேசாமல் கேட்கட்டும்.