வீரமணிக்கு ஒன்றுமில்லை

"இந்த தபாவும் நார்மல்தாங்க!" சிரித்துக்கொண்டே ரிப்போர்ட்டை நீட்டினாள் ஸ்கேன் சென்டர்ப் பெண்.

மலர்விழிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. புருஷன் மூளை நன்றாக இருக்கிறது என்றதும் தலையில் அடித்துக்கொண்டு அழுத பெண்டாட்டி, கள்ளக்குறிச்சியிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

வீரமணிக்கு வலிப்பு. கீழே விழுந்து நுரை தள்ளினாலாவது ஊர் நம்பும். இவனுக்கு வருவது வேறு ரகம். கண் நிலைகுத்தும், வாய் சும்மா மெல்லும், அவ்வளவுதான். தெளிந்தபின் கேட்டால் அவனுக்கே தெரியாது. ரைஸ் மில்லில் பெல்ட்டுக்குப் பக்கத்தில் அப்படி நின்றதைப் பார்த்த முதலாளி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பிறகு ரிஷிவந்தியத்தில் ஒருத்தரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. மாற்றுத்திறனாளி உதவித்தொகை ஒன்றுதான் கதி.

அதற்கான சான்றிதழ் தர நடந்த போன முகாமில் முதல் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"மூளை நல்லா இருக்கேம்மா. வலிப்ப யாரு பாத்தது?"

"நான்தாங்க பாத்தேன்."

"பொண்டாட்டி சாட்சி செல்லாதும்மா. வேற ரிப்போர்ட் எடுத்துக்கினு வா."

எடுத்தாயிற்று. வலிப்பு வராத நேரத்தில் எடுத்தால் அது எதைக் காட்டும்? இப்போது, அவன் நன்றாக இருக்கிறான் என்பதற்கு ஒன்றுக்கு இரண்டு அத்தாட்சி.

பக்கத்து வீட்டு செபாஸ்தியான் யோசனை சொன்னார். "மாத்திர சாப்ட்டா எப்டிம்மா வரும்? நிறுத்து. டாக்டர் கண்ணு முன்னாலயே வரட்டும்."

யோசனை சொல்கிறவருக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது? மாத்திரையை நிறுத்தினார்கள். வலிப்பு வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. பஸ்ஸில் வந்தது. இறங்கும் ஊரைத் தாண்டிப் போய்விட்டான். ரேஷன் கடை வரிசையில் வந்தது. குடிகாரன் என்று தள்ளிவிட்டார்கள். அடுப்பருகே வந்து, கை வெந்துபோனது.

"டாக்டர் எதிர்ல ஒரே ஒரு தபா வா, சாமி," என்று வலிப்பையே கும்பிட்டாள் மலர்விழி.

முகாம் நாள். மண்டபத்தில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"வர்ற மாரி இருக்கா மாமா?"

"இல்ல மலரு."

"இப்ப?"

"நல்லாதான் கீறேன்," என்றான், திருடிவிட்டு மாட்டிக்கொண்டவனைப் போல.

அதற்குள் ஆதார் நகல் இன்னொன்று கேட்டார்கள். ஜெராக்ஸ் கடைக்கு ஓடினாள். அங்கே கரண்ட் இல்லை. நல்ல காரியத்துக்கு என்றைக்குக் கரண்ட் இருந்திருக்கிறது? காத்திருந்து வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள்.

"கூப்ட்டாங்களா?"

"இல்லியே."

"அது வந்துச்சா?"

"வரல மலரு."

பிறகும் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் கரைந்தது. டாக்டரின் கார் கிளம்பியது. நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார்கள். அடுத்த முகாம் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை.

மலர்விழி தரையில் உட்கார்ந்து ஓவென்று கதறினாள். "பஸ்ல வந்துச்சே, ரேஷன் கடையில வந்துச்சே, இங்க ஒரு நிமிசம் வரக்கூடாதா? காலையிலேந்து குந்திக்கினு கீறோம், வீரமணின்னு ஒரு குரல் கூப்டலியே!"

பெருக்கிக்கொண்டிருந்த கொளஞ்சியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அடப்பாவமே, இவருதான் வீரமணியா? டாக்டரே எழுந்து வந்து, இவரு எதிர்லயே நின்னுக்கினு, வீரமணி யாரு, வீரமணி யாருன்னு தொண்ட கிழியக் கத்தினாரும்மா. இவரு வாய மென்னுக்கினு அவரு மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தாரு. ஆளு வரலன்னு எழுதிட்டுப் பூட்டாரு!"