கலர் புகை விடும் ஹெலிகாப்டருக்கு நான் எதற்கு?

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவி, பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தைக் கேட்காதே. புதிதாக வாங்கிய போர் ஹெலிகாப்டர்களுக்கு விழாவாம். பட்டாளத்தில் உயிரைக் கொடுத்த பையனின் அம்மாவாக நான் முன்வரிசையில் உட்கார்ந்து, "என் மகனின் ஆத்மா குளிர்ந்தது" என்று பேச வேண்டுமாம். வாங்கிய கமிட்டியில் நீயும் ஒருத்தன், உனக்குப் பெருமைதான்.

எனக்குப் படிப்பு ஏறவில்லை. ஆனாலும் அந்த யந்திரம் எதற்கு என்று என் பிள்ளை லீவில் வந்தபோது சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "அம்மா, நாங்க தரையில மாட்டிக்கிட்டா மேலேர்ந்து அடிச்சு எங்களை மீட்கத்தான் அது. முன்னாடி சுடுறவரு, பின்னாடி ஓட்டுறவரு. அந்தச் சத்தம் கேட்டாலே பாதி உயிர் திரும்பிரும்."

"மீதிப் பாதி?" என்றேன்.

"உன் சோத்துக்கு வரும்."

அவன் மலையில் மாட்டிக்கொண்ட அன்று ஹெலிகாப்டரைக் கூப்பிட்டார்கள். வரவில்லை. யாரோ பெரிய விருந்தாளிக்கு வானத்தில் கலர் புகை விட்டுக் காட்ட, ராக்கெட் மாட்டுகிற இடத்தில் புகை டப்பாவை மாட்டி வைத்திருந்தார்களாம். அதைக் கழற்றி ராக்கெட்டை மாட்டுவதற்குள் என் பிள்ளை போய்விட்டான். துக்கத்துக்கு வந்த நீ, "எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கு அக்கா" என்றாய். நல்ல முறை.

இனியாவது புத்தி வரும் என்று பார்த்தால், வாங்கப் போனீர்களே ஓர் ஊர்வலம்! வெளிநாட்டுக்குக் கமிட்டி போயிற்று, அந்தக் கமிட்டி சரியாகப் பார்த்ததா என்று பார்க்க இன்னொரு கமிட்டி போயிற்று, சீட்டு மெத்தென்று இருக்கிறதா என்று ஆளாளுக்கு உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டீர்கள், உன் மனைவிக்கு ஒரு செண்ட் பாட்டில், எனக்கு ஒன்று, பிள்ளையைப் பறிகொடுத்தவள் செண்ட் அடித்துக்கொண்டு எங்கே போவேன், பிறகு இலைப் பச்சையா சாம்பல் பச்சையா என்று மாசக்கணக்கில் அடிதடி, கடைசியில் வந்து இறங்கினால் நிறுத்தி வைக்கிற கொட்டகையின் வாசல் குட்டை, மேலே சுற்றுகிற விசிறி இடிக்கிறது! கட்டில் வாங்குகிறவன்கூட வாசலை அளந்துவிட்டுத்தானே வாங்குவான்? இப்போது அத்தனையும் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு மழையில் நிற்கின்றன.

அதைப் போனில் கேட்டதற்கு நீ சொன்னாய்: "அது கிடக்கட்டும்க்கா, இதுல புகை டப்பா மாட்டுறது ரொம்ப சுளுவு. நாங்கதான் கேட்டு வாங்கினோம்!"

"ராக்கெட்டுடா?"

"அது அடுத்த டெண்டர்ல வரும்."

சிரித்துக்கொண்டே சொன்னாய் தம்பி. நான் வரமாட்டேன். முன்வரிசை நாற்காலியில் உன் கமிட்டிக்காரர்களின் தொப்பியை வைத்துக்கொள்.

உன் பிள்ளைகள் நூறு வயது இருக்கட்டும். யாரையாவது கூப்பிட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலைமை அவர்களுக்கு வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். "எங்க வீட்டுக்காரரு இன்னும் அந்த மலையிலதான் இருக்காரு. நாங்க கத்தினா யாரு காதுல விழும்? உங்க கையில மைக்கைக் குடுக்கிறாங்க, வேணாங்கிறீங்களேக்கா" என்றாள். ஆகவே வருகிறேன், கார் அனுப்பு. பேச்சை நீ எழுதித் தர வேண்டாம். ராக்கெட் என்றைக்கு வரும் என்று கேட்பேன். தேதி சொல்லும்வரை மைக்கை விடமாட்டேன்.