சகலையின் ஒற்றை அலமாரி

மரியாதைக்குரிய சகலை அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் இளைய சகலை பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் கொழுந்தியாள், கீழ்த்தளத்துப் பல் டாக்டர், வீட்டுக்காரர், எங்கள் வீட்டுத் தரை ஆகிய அனைவரும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையும் வீட்டுக் கூடத்துக் கண்ணாடி அலமாரியும் அவ்வாறே சுகமாக இருக்க வேண்டுகிறேன். தரையை எதற்கு இந்த வரிசையில் சேர்த்தான் என்று வேறு யாராவது கேட்கலாம், நீங்கள் கேட்க மாட்டீர்கள். அது இன்றைக்கும் தரையாக இருப்பதே உங்கள் புண்ணியம்.

நன்றி சொல்லி நாலு வரி எழுதுங்கள் என்றாள் உங்கள் கொழுந்தியாள். நாலு வரியோடு நிறுத்தத் தெரிந்தவன் வீட்டில் நாலாயிரம் புத்தகம் சேருமா? ஆகவே கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படிக்கவும். நீங்கள் பையோடு வந்து இறங்குவதற்கு முன் இங்கே நடந்ததை அவள் போனில் பாதிதான் சொல்லியிருப்பாள். மீதியை நான் சொல்கிறேன், ஏனென்றால் மீதியில்தான் என் பக்கத்து நியாயம் இருக்கிறது.

அன்று வழக்கம்போல நடு அறையில் இரண்டு அடுக்குகளுக்கு இடையே பக்கவாட்டாகப் போய்க்கொண்டிருந்தேன். காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்த வீட்டுக்குள் நேராக நடந்த ஞாபகமே எனக்கு இல்லை, எங்களுக்கெல்லாம் நண்டு நடைதான். கையில் காலையில் வாங்கிய புதுப் புத்தகங்கள், எங்கே வைப்பது என்று பார்த்து ஜன்னலோர அடுக்கின் தலையில் வைத்தேன், கீழே தொப்பென்று ஒரு சத்தம். பல் டாக்டர் அப்போதுதான் ஒருவரை நாற்காலியில் சாய்த்து, வாயை நன்றாகத் திறங்கள் என்று சொல்லிவிட்டு விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தாராம். கூரைக் காரை பெயர்ந்து ஒரு துண்டு நேராக அந்த வாய்க்குள்ளேயே விழுந்திருக்கிறது. அந்த மனிதர் தங்கமானவர். அதுவும் வைத்தியத்தில் ஒரு பகுதி என்று நினைத்து இறுக்கிக் கடித்துக்கொண்டு, "வலி இப்ப பரவால்ல டாக்டர், கொஞ்சம் மண்ணு வாசம்தான் வருது" என்றாராம். டாக்டர்தான் பயந்துபோய் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டுக்காரர் ஒரு காலத்தில் கட்டட வேலை எடுத்துச் செய்தவர், கையில் கம்பு இல்லாமல் எங்கும் போக மாட்டார். கீழே நின்று கூரையைத் தட்டினார். மேலே வந்து தரையைத் தட்டினார். அடுத்து என்னைத் தட்டிவிடுவாரோ என்று நான் அகராதிகளுக்குப் பின்னால் ஒதுங்கினேன். "சார், இந்தப் புத்தகமெல்லாம் எப்படியும் கீழ வரத்தான் போகுது. அதுவா வர்றதுக்கு முன்னாடி நீங்களா கொண்டு வந்துடுங்க. மாசக் கடைசிக்குள்ள ஒண்ணு அது காலியாகணும், இல்ல நீங்க காலி பண்ணணும்" என்று சொல்லிவிட்டு, இறங்கும்போது ஒவ்வொரு படியையும் தட்டிக்கொண்டே போனார்.

எனக்கு வேறு வீடு என்றாலும் சம்மதம்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். உங்கள் கொழுந்தியாள் தையல் இயந்திரத்தை நிறுத்தினாள். அவள் அதை நிறுத்தினாலே தீர்ப்பு வரப்போகிறது என்று அர்த்தம். இந்த முன்னறையில்தான் அவள் தையல் வகுப்பு நடக்கிறது, அந்தப் பெரிய ஜன்னலில் காலையிலிருந்து மாலைவரை ஊசியில் நூல் கோக்கிற வெளிச்சம் வரும், நாலு தெருவிலிருந்தும் பெண்கள் இந்த வாசலைத் தேடித்தான் வருகிறார்கள். "புத்தகம் போனா நீங்க அழுவீங்க. வீடு போனா நான் அழுவேன். எது பரவால்லன்னு நீங்களே யோசிங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அதற்கப்புறம்தான் உங்களுக்குப் போன் செய்தாள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து நம் மாமனார் வீட்டில் நம் இருவரையும் தராசில் வைத்துப் பார்ப்பதுதான் அவர்களுக்குப் பொழுதுபோக்கு. சம்பாத்தியத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள், தலைமுடியில் நான் ஜெயித்தேன், புத்தகத்தில் மட்டும் எனக்குப் போட்டியே கிடையாது என்றிருந்தேன். நாலாயிரம் வைத்திருக்கிறவனுக்கு ஒரே ஒரு அலமாரி வைத்திருக்கிறவர் வந்து யோசனை சொல்வதா? அதிலும் அந்த அலமாரி முழுக்க நீச்சல் புத்தகம். பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல், பெண்களுக்கு நீச்சல், பயந்தவர்களுக்கு நீச்சல். நீங்களோ முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதவர். நீச்சல் தெரியாதவருக்கு எதுக்கு இத்தனை நீச்சல் புத்தகம்னு ஒரு தடவை உங்க வீட்டுலயே எல்லார் முன்னாடியும் கேட்டுச் சிரிச்சேன். நீங்கள் கோபிக்கவில்லை. "தெரிஞ்சிருந்தா ஒண்ணுகூட வாங்கியிருக்க மாட்டேன், தம்பி" என்று சொல்லி அலமாரியைத் திறந்தீர்கள்.

அங்கே இருந்ததிலேயே பழைய புத்தகத்தில் ஒரு மனிதன் வீட்டுக்குள்ளேயே முக்காலியில் குப்புறப் படுத்துக் கைகாலை அடிக்கிறான், பாதிப் புத்தகம் போகும்வரை தண்ணீரைக் கண்ணில் காட்டவில்லை. அடுத்ததில் சீக்கிரமே ஒரு வாளி வருகிறது, முகத்தை மட்டும் முக்கச் சொல்கிறார்கள். கடைசியில் உள்ளதில் எடுத்த எடுப்பிலேயே குளத்தில் தள்ளிவிடுகிறார்கள். "எழுதுனவங்களுக்கே தண்ணி பயம் கொஞ்சம் கொஞ்சமா விட்டுப்போறது தெரியுதா? ஒத்தைப் புத்தகத்துல இது தெரியாது, பக்கத்துல பக்கத்துல வெச்சாத்தான் தெரியும்" என்றீர்கள். இதற்கெல்லாம் முன்னால் 'முக்காலி நீச்சல்' என்று ஒன்று இருந்திருக்க வேண்டும், எல்லார் முன்னுரையிலும் அதன் பெயர் வருகிறது, ஆனால் கண்ணில்தான் அகப்படவில்லை என்று சொன்னபோது உங்கள் குரல், வெளியூரில் இருக்கிற பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது. எனக்கு அப்போது அதெல்லாம் ஏறவில்லை. இலவசமாக ஒருவர் கொண்டுவந்து நீட்டிய, தங்கமுலாம் ஓரம் போட்ட முத்துக்குளிப்புப் புத்தகத்தை, "இது முங்கறது. என்னோடது மிதக்கறது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தவர் நீங்கள் என்று அக்கா சொன்னபோதும், பிழைக்கத் தெரியாதவர் என்றுதான் நினைத்தேன்.

அப்படிப்பட்டவர் என் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தீர்கள். நான் பெருமையாக, தேனீ வளர்ப்பு பற்றி அருமையான புத்தகம் ஒன்று இருக்கிறது என்றேன். "எங்க, எடுங்க பார்ப்போம்" என்றீர்கள். மதியம்வரை தேடினேன். முதலில் ஒன்று கிடைத்தது, பிறகு அதே புத்தகம் இன்னொன்று, அப்புறம் அதே இன்னும் இரண்டு. தேடுறதைவிட வாங்குறது சுலபம், அண்ணே, அதுதான் காரணம். உங்கள் கொழுந்தியாள் உள்ளேயிருந்து, "நாலு புத்தகம் இருக்கு, தேனைத்தான் இன்னும் காணோம்" என்றாள். நீங்கள் சிரிக்கவில்லை. "எதைத் தேடி எடுக்க முடியுதோ அது உங்களோடது தம்பி. மத்ததெல்லாம் சும்மா உங்க வீட்டுல தங்கியிருக்கு" என்றீர்கள். வாடகை தராமல் என்று நீங்கள் சேர்க்கவில்லை, அது உங்கள் பெருந்தன்மை.

அதற்கப்புறம் உங்களைக் கவனிக்கத் தொடங்கினேன். பழைய புத்தகக் கடைக்கென்று கட்டிய மூட்டைக்குப் போகிற புத்தகத்தைக்கூடத் துடைத்து, மடங்கிய மூலையை நிமிர்த்தி, ஒரு பக்கமாவது படித்துவிட்டுத்தான் போட்டீர்கள். நான் வாங்கும்போதுகூட அவற்றை அப்படிப் பார்த்தது கிடையாது. புத்தகம் வீட்டு வாசலைத் தாண்டியதோடு என் வேலை முடிந்துவிடும். உங்களுக்கு அதற்குப் பிறகுதான் வேலையே: இது எந்தப் புத்தகத்துக்கு அண்ணன், எதற்குத் தம்பி, இதற்கு முன்னால் யார், இது இல்லாவிட்டால் எது விளங்காமல் போகும் என்று. ஒரு 'வேண்டாம்' சொல்வதற்கு உங்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது. நான் குவிக்கிறவன், நீங்கள் சேகரிக்கிறவர். இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை, இப்படி ஒருவர் எனக்குச் சகலையாக வாய்த்தாரே என்று சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

சமையலறைப் பரணிலிருந்து இறக்கிய புத்தகக் கட்டுக்குள் அந்த நீல அட்டையை நீங்கள் பார்த்த நேரம் எனக்கு மறக்காது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். போட்டீர்கள். மறுபடி கழற்றித் துடைத்தீர்கள். நானாக இருந்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரி கூச்சல் போட்டிருப்பேன். நீங்கள் மெதுவாக, "இத எங்க வாங்கினீங்க, தம்பி?" என்றீர்கள்.

"தெரியல, அண்ணே."

"எப்ப?"

"அதுவும் தெரியல."

"எதுக்குன்னாவது?"

"அட்டை நீலமா இருந்துது."

முக்காலி நீச்சல். என் பரணில், பழைய காலண்டர்களுக்கு அடியில். எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கில்லாததா என்றேன். கை நீண்டது, நான் பார்த்தேன், ஆனாலும் மடக்கிக்கொண்டீர்கள். "ஒரு தடவ படிச்சிட்டு அனுப்புங்க. நீங்க படிக்காம நான் கொண்டுபோனா, தூங்குற வீட்ல எடுத்த மாதிரி இருக்கும்" என்றீர்கள். எத்தனையோ வருஷம் தேடிய பொருளைக் கண்ணெதிரே விட்டுவிட்டு ஒரு மனிதர் வண்டியேறிப் போகிறார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, அண்ணே. தூசு என்று உங்கள் கொழுந்தியாளிடம் சொன்னேன். வீட்டில்தான் தூசே இல்லையே என்றாள்.

நீங்கள் போன பிறகு பழைய புத்தகக் கடைக்காரர் ஆட்களோடு வந்து மூட்டைகளை இறக்கிக்கொண்டு போனார். வீட்டுக்காரர் வந்து தட்டிப் பார்த்து, "இப்ப சத்தம் நல்லாருக்கு" என்றார். வகுப்பு பழையபடி நடக்கிறது, வெளிச்சம் இப்போது நடு அறைவரைக்கும் வருகிறது, உங்கள் கொழுந்தியாள் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே பாடுகிறாள். எனக்கு ஒரே ஒரு தட்டு மிச்சம், அதில் இருக்கிற ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன்.

உங்கள் சொல்படி முக்காலி நீச்சலை எடுத்து வைத்துக்கொண்டேன். படிப்பது என்றால் சும்மா படிக்கவில்லை. தையல் முக்காலியை நடு அறைக்கு இழுத்து, குப்புறப் படுத்து, படத்தில் உள்ளபடி தவளை மாதிரி கையையும் காலையும் விரித்து மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். வகுப்புக்கு வந்த பெண் ஒருத்தி பார்த்துவிட்டு, எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஓடிப்போய்ப் பல் டாக்டரை அழைத்துவந்துவிட்டாள். அவர் மூச்சிரைக்க வந்து, "வாயத் திறங்க" என்றார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதானே, பாவம். நீந்துகிறேன் என்று சொன்னேன். உங்கள் கொழுந்தியாளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார்.

கடைசி இரண்டு பக்கம்தான் பாக்கி. சாப்பிட்டுவிட்டு அதையும் முடித்து, இந்தக் கடிதத்தோடு சேர்த்துக் கட்டி நாளைய தபாலில் அனுப்புகிறேன். உங்கள் வரிசையின் முதல் இடத்தில் அதை வையுங்கள். அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் பிள்ளைகள் மூத்தவளுக்கும் சின்னவனுக்கும் என் ஆசி. உங்கள் கண்ணும் கையும் இதேபோல நெடுநாள் நல்லபடி இருக்க வேண்டும். என் வீட்டையும் என் வீட்டுக்காரியின் சிரிப்பையும் காப்பாற்றிக் கொடுத்த உங்களுக்கு என்றும் கடமைப்பட்ட,

இளைய சகலை.

பின்குறிப்பு: சாப்பிட்டுவிட்டு வந்து கடைசிப் பக்கத்தைப் படித்தேன். "மாணவர் இப்போது தண்ணீரின் நடுவில் இருக்கிறார். கரையேறும் முறை இரண்டாம் பாகத்தில்" என்று போட்டிருக்கிறது. கீழே அந்த இரண்டாம் பாகத்து அட்டைப்படமும் இருக்கிறது: ஒருவர் கரையில் நின்று துண்டைப் பிழிகிறார். அண்ணே, அந்தத் துண்டு பிழிகிறவரை எனக்குத் தெரியும். நீங்கள் டீ குடிக்கக் கீழே போயிருந்தபோது பச்சை அட்டையில் அவரைப் பார்த்தேன். துணி துவைக்கிற புத்தகம் என்று நினைத்து, உங்களைப் போலவே துடைத்து, மூலையை நிமிர்த்தி, உங்களைப் போலவே வேண்டாம் என்று சொல்லி மூட்டையில் போட்டேன். என் வாழ்நாளிலேயே ஒரு புத்தகத்தை நான் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எந்த மூட்டை என்று தெரியவில்லை, கடைக்கே ஓடினேன். கடைக்காரர் நல்லவேளையாக ஒன்றைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை, அத்தனையையும் திருப்பித் தரச் சம்மதித்துவிட்டார். ஆனால் ஒரு மூட்டை படியேறினாலும் தான் படியிறங்கிவிடுவேன் என்கிறாள் உங்கள் கொழுந்தியாள். ஆகவே இந்தக் கடிதத்தையும் நீல அட்டையையும் உங்கள் கையில் கொடுத்தவர் தபால்காரர் இல்லை, லாரி ஓட்டுகிறவர். மூட்டைகளை எங்கே இறக்குவது என்று அவருக்குச் சொல்லுங்கள். அக்காவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அல்லது நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள். இரண்டாம் பாகம் கிடைத்ததும் ஒரு வரி எழுதுங்கள், நான் இன்னும் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறேன்.